வல்லாரை வேறு, நீர்ப்பிரமி வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், வல்லாரை நினைவாற்றலைப் பெருக்கும் என்பது ஆய்வுகளால் ஐயமின்றி நிறுவப்பட்டுவிட்டதாக ஒரு வரி வந்திருந்தது. ஐயம் தீர்ந்தவர்கள் பாக்கியவான்கள். முப்பத்தோராண்டுகள் பள்ளியில் தாவரவியல் கற்பித்த எனக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

கட்டுரையாளர் சான்றாகக் காட்டும் ஆஸ்திரேலிய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. 40 முதல் 65 வயது வரையிலான 76 பேருக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தது வல்லாரையை அன்று, நீர்ப்பிரமியை. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் பல்லாண்டுகள் ஆராய்ந்ததும் நீர்ப்பிரமியைத்தான். இரண்டு மூலிகைகளும் 'பிராமி' என்ற ஒரே பெயரில் விற்கப்படுவதால் விளைந்த குழப்பம் இது என்பது தாங்கள் அறியாததன்று. வல்லாரை, கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, விளிம்பில் பற்கள் கொண்ட வட்ட இலைக் கொடி. நீர்ப்பிரமியோ வரப்போரச் சேற்றில் சதைப்பற்றான சிற்றிலைகளோடு படர்ந்து வெளிறிய பூப் பூப்பது. தாங்கள் வெளியிட்ட படம் என்னவோ அப்பழுக்கற்ற வல்லாரைதான். சான்றுதான் வேறு செடியுடையது.

அந்த நீர்ப்பிரமி ஆய்விலும், கற்கும் வேகம் கூடவில்லை, புதிதாகக் கற்றதை மறப்பது சற்றுக் குறைந்தது என்பதே முடிவு. வல்லாரையைப் பொறுத்தவரை, 2017-இல் பதினோரு ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தவர்கள், அறிவுத்திறனின் எந்தக் கூறிலும் அது மருந்தற்ற போலி மாத்திரையை விஞ்சியதாகக் காணவில்லை. 'வல்லாரை உண்டவரிடம் மல்லாடாதே' என்ற பழமொழிகூட மல்யுத்தத்தைத்தான் சொல்கிறது, மனப்பாடத்தை அன்று.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தாங்கள் கேட்கக்கூடும். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் தாயார் அடுப்பை அணைக்க மறந்தார், பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றி அழைத்தார். இத்தகைய கட்டுரைகளைக் கத்தரித்துக்கொண்டு உறவினர் வந்தனர். எட்டு மாதம் வல்லாரைப் பொடியைப் பாலில் கலக்கிக் கொடுத்தோம். பின்னர் ஒரு மருத்துவர் சாதாரண இரத்தப் பரிசோதனையில், பி12 உயிர்ச்சத்து மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார். ஊசி போட்டபின் அம்மா ஓரளவு தேறினார், முழுமையாக அன்று. அந்த எட்டு மாதத்தை எந்தத் துவையலும் திருப்பித் தராது. (வல்லாரைத் துவையலை நான் வெறுப்பவனல்லன், இன்றும் வாரம் ஒருமுறை எங்கள் வீட்டில் அரைக்கிறார்கள்.)

கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே, மூளைக் கோளாறுகள் அனைத்தையும் போக்கும் வல்லாரை லேகியத்தின் விளம்பரம் அரைப்பக்கத்துக்கு இடம்பெற்றிருந்தது தற்செயலே என்று நம்ப விரும்புகிறேன். மூளை நோய்களைத் தீர்ப்பதாக மருந்தை விளம்பரம் செய்வதை, மந்திர நிவாரணங்களைப் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதைத் தங்கள் விளம்பரப் பிரிவுக்கு யாரும் சொல்லவில்லை போலும். பொதுத்தேர்வு நெருங்கும் ஒவ்வொரு மார்ச் மாதமும் இதே லேகியம் மாணவர் பக்கத்துக்கு இடம் மாறிவிடுவதையும் கவனித்தே வருகிறேன். இரண்டாண்டுகளுக்கு முன் கீழாநெல்லிக் கட்டுரைக்கு மேலாநெல்லியின் படத்தைப் போட்டபோது எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. நினைவாற்றலைப் பற்றி எழுதும் இதழுக்கு அது நினைவில் இருக்குமா என்று தெரியவில்லை.

நான் வேண்டுவது சிறியது. அடுத்த இதழில், ஆய்வுக்கு உட்பட்டது நீர்ப்பிரமியே என்றும், மறதி கண்ட முதியோரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். முதற்பக்கம் வேண்டாம், இராசிபலனுக்குக் கீழே கொஞ்சம் இடமிருந்தாலும் போதும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
பணி ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
கும்பகோணம்.