ஒகசவாராவின் நத்தைகளுக்காக டோக்கியோ மாநகர அரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டோக்கியோ ஆளுநர் அவர்களுக்கும், ஒகசவாராவில் புதிதாக விமான நிலையம் அமைப்பது குறித்து ஆய்ந்துவரும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். எடோகவா வட்டாரத்தில் குடியிருந்து இந்த மாநகருக்கு வரி செலுத்திவரும் தமிழர்களில் நானும் ஒருவன். தெற்கே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் கடலின் நடுவே தீவுக்கூட்டமாய்க் கிடக்கும் ஒகசவாரா கிராமமும் இதே மாநகரின் ஆட்சிக்குள்தான் வருகிறது. அந்த உரிமையில் இம்மடலை எழுதுகிறேன்.

டோக்கியோவின் தகேஷிபா துறையில் கப்பல் ஏறினால், ஒகசவாராவின் முதன்மைத் தீவான சிச்சிஜிமா சென்றுசேர 24 மணி நேரம் ஆகிறது. வேறு வழி இல்லை. தீவு மக்களுக்கு இது எத்தகைய துன்பம் என்பதை நான் மறக்கவில்லை. அங்கே மகப்பேறு பார்க்க வசதியில்லாததால் கருவுற்ற பெண்கள் பேறுகாலத்துக்கு முன்பே ஜப்பானின் பெருநிலத்துக்கு வந்து தங்க வேண்டியிருக்கிறது. உயிருக்குப் போராடும் நோயாளியைத் தற்காப்புப் படையின் விமானம் வந்து ஏற்றிச்செல்லும் வரை பல மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, விமான நிலையமே கூடாது என்று சொல்லும் தகுதி டோக்கியோவில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வாழும் எனக்கு இல்லை. ஆனால் அந்த 24 மணி நேரக் கடல்தான், யாரும் திட்டமிடாமலேயே, வெளி உயிர்கள் புகாதபடி அத்தீவுகளுக்கு வேலியாகவும் இருந்து வந்திருக்கிறது. அந்த வேலியில் வாசல் திறக்கும்போது காவலுக்கு யார் நிற்பார்கள் என்பதே என் கேள்வி.

எந்தக் கண்டத்தோடும் என்றுமே ஒட்டியிராத தீவுகள் அவை. அங்கே இயல்பாக வாழும் நிலப்பாலூட்டி ஒரு பழந்தின்னி வௌவால் மட்டுமே. எப்படியோ கடல் தாண்டி வந்துசேர்ந்த சில நத்தைகளின் வழித்தோன்றல்கள், தரையில் வாழ்பவை, மரத்தில் வாழ்பவை, இரண்டுக்கும் இடைப்பட்டவை எனப் பிரிந்து, ஓட்டின் வடிவமும் நிறமும் மாறி, 100-க்கும் மேற்பட்ட இனங்களாகப் பெருகின. அவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. 2011-இல் யுனெஸ்கோ இத்தீவுகளை உலக இயற்கை மரபிடமாக ஏற்றபோது, திமிங்கிலங்களைவிட இந்த நத்தைகளே முதன்மையான சான்றாக நின்றன. சுற்றுலா விளம்பரங்களில் அவற்றுக்கு இடமில்லாதது எனக்கு வருத்தமே.

சிச்சிஜிமாவை அடுத்துள்ள மினாமிஜிமா என்னும் சிறு தீவில் வெண்மணலின் மீது, அழிந்துபோன ஒரு நத்தையினத்தின் வெளுத்த ஓடுகள் சிதறிக் கிடக்கின்றன. நாளொன்றுக்கு 100 பேருக்கு மேல் அங்கே அனுமதியில்லை. வழிகாட்டியில்லாமல் கால்வைக்கவும் முடியாது. இந்தக் கட்டுப்பாட்டுக்காக மாநகர அரசைப் பாராட்டுகிறேன். ஆயினும், இறந்த ஓடுகளுக்குக் கிடைக்கும் இந்தக் காவல் உயிரோடிருக்கும் நத்தைகளுக்கும் கிடைக்கிறதா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நியூகினித் தட்டைப்புழு என்னும் நத்தைதின்னி 1990-களில் சிச்சிஜிமாவில் கண்டறியப்பட்டது. மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டு பரவும் சிறு புழு அது. அது சென்ற இடமெல்லாம் காட்டுத்தரையில் நத்தைகள் இல்லாமற்போயின. இன்று சிச்சிஜிமாவின் நத்தைகளில் சிலவற்றை 2017-இல் திறக்கப்பட்ட உலக மரபு மையத்தின் அறைக்குள் பெட்டிகளில் வைத்து வளர்க்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். மக்கள் வாழும் மற்றொரு தீவான ஹாஹாஜிமாவின் காடுகள் அந்தப் புழுவுக்கு இன்னும் தப்பியிருக்கின்றன. அங்கே செல்லும் பயணிகளின் காலணிகளைத் துடைக்கச் சொல்வது அதனால்தான். ஆனால் பயணி துடைக்காமல் போனால் கேட்பாரில்லை. நாற்றுத்தொட்டியின் மண்ணுக்குள் ஒளிந்து வருவதைக் காலணித் தூரிகை எப்படித் தடுக்கும்?

அனிஜிமாவின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1990-களில் விமான நிலையத்துக்கென முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது அந்த ஆளில்லாத் தீவுதான். அதன் குறுங்காட்டின் அருமை கருதி அத்திட்டம் கைவிடப்பட்டது; பின்னர் சிச்சிஜிமா மலைப்பகுதித் திட்டமும் அவ்வாறே கைவிடப்பட்டது. இன்று பேசப்படும் சிச்சிஜிமாவின் சுசாகிப் பகுதி, அவற்றுக்கெல்லாம் பிறகு வந்த தேர்வு. அன்று அந்த முடிவை எடுத்தவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அப்படிக் காக்கப்பட்ட அனிஜிமாவிலேயே 2013-இல் பச்சை அனோல் பல்லி கண்டுபிடிக்கப்பட்டது. 1960-களில் சிச்சிஜிமாவிலும் 1980-களில் ஹாஹாஜிமாவிலும் நுழைந்து, அவ்விடங்களின் பகல்நேரப் பூச்சிகளைத் தின்று தீர்த்த அதே அமெரிக்கப் பல்லி அது. பூக்களைத் தேடிவந்த அத்தீவுகளுக்கே உரிய தேனீக்கள் மறைந்து, அந்த வேலையை இப்போது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட தேனீக்கள் செய்துகொண்டிருக்கின்றன. ஓடுபாதை இல்லாத, ஊரே இல்லாத தீவுக்கே இந்தக் கதி என்றால், ஓடுபாதையை ஒட்டிய காடுகளுக்காக நான் அஞ்சுவது மிகையாகாது.

மனிதர் மனம் வைத்தால் மீட்க முடியும் என்பதற்கும் ஒகசவாராவே சாட்சி. செந்தலைக் காட்டுப்புறா ஏறக்குறைய 40 மட்டுமே எஞ்சியிருந்த காலத்தில், காட்டில் திரிந்த பூனைகளைக் கொல்லாமல் பிடித்து, அதே கப்பலில் பெருநிலத்துக்கு அனுப்பி, கால்நடை மருத்துவர்கள் அவற்றைப் பழக்கி வீடுகளில் சேர்த்தார்கள். புறாக்கள் இன்று சில நூறாகப் பெருகியிருக்கின்றன. பூனையையும் புறாவையும் ஒருசேரக் காத்த அந்த ஊராரின் பொறுமையை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது.

புழுவும் பல்லியும் அப்படிப் பிடித்து அனுப்பக்கூடியவை அல்ல. ஆகவே தாங்கள் விமான நிலையத் திட்டத்தை மக்கள் முன் வைக்கும் அன்றே, பயணிகளையும் சரக்கையும் நாற்றுகளையும் மண்ணையும் யார், எங்கே, எந்தச் சட்டத்தின் கீழ் சோதிப்பார்கள் என்ற திட்டத்தையும் உடன் வைக்குமாறு வேண்டுகிறேன். சோதனைப் பணியாளர்களுக்கும் அனிஜிமாவின் பல்லித் தடுப்பு வேலிகளுக்குமான நிதி, ஓடுபாதை இயங்கும் காலம் முழுவதற்கும் உறுதிசெய்யப்பட வேண்டும். கப்பலில் வரும் சரக்குக்கும் இதே சோதனை பொருந்த வேண்டும். இவை ஆயத்தமாகும் வரை சுசாகியில் மண்வெட்டி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
எடோகவாவில் வாழும் தமிழர் ஒருவர்