சோற்றைக் குறைத்த இடத்தில் என்ன வைக்கிறாய்?

அன்புள்ள தம்பிக்கு,

சோறு, இட்லியை விட்டு இறைச்சி, முட்டை, கொட்டை என்று சாப்பிடும் பேலியோ டயட்டில் எடை குறைந்தது, சுகரும் இறங்கியது என்று போனில் சொன்னாய். ரொம்ப சந்தோஷம். தாத்தா, அப்பா என்று வழிவழியாகச் சர்க்கரை வந்த குடும்பம். இந்த வயதிலேயே நீ சுதாரித்துக்கொண்டது நல்லதுதான். ஆனால் காலையில் நூறு பாதாம், மதியம் வெண்ணெயில் பொரித்த முட்டை, ராத்திரி மட்டன், ஆயுசுக்கும் இதுதான் என்றாயே, அது எனக்குச் சரியாகப் படவில்லை.

2018இல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் நடுவயதைத் தொட்ட 15,428 பேரைச் சுமார் 25 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். கலோரியில் 50 முதல் 55 சதவீதம் மாவுச்சத்தில் எடுத்தவர்களிடம்தான் இறப்பு குறைவு. 30 சதவீதத்துக்கும் கீழே போனவர்கள், 50 வயதிலிருந்து கணக்குப் பார்த்தால், அவர்களைவிடச் சுமார் 4 வருடம் முன்னாடியே போய்விடுவார்கள் என்று மதிப்பிட்டார்கள். 65 சதவீதத்துக்கு மேல் போனவர்களுக்கும் ஒரு வருடம் குறைகிறது.

அந்த ஆய்வில் சாப்பாட்டு விவரம் அவரவரே சொன்னதுதான், அதுவும் இரண்டு தடவை மட்டும். அதனால் மாவுச்சத்தைக் குறைத்ததால்தான் இறந்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு. மாவுச்சத்துக்குப் பதில் ஆடு, மாடு, பன்றி, கோழி என்று போனவர்களிடம் இறப்பு கூடியது. காய்கறி, கொட்டை, கடலை என்று போனவர்களிடம் குறைந்தது. குறைத்த இடத்தில் என்ன வைக்கிறாய், அதுதான் விஷயம்.

நம் ஊர்ச் சாப்பாடும் சரி என்று சொல்ல வரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியர்களுக்குக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது. அது அதிகம். சோற்றைக் குறை. ஆனால் ஒரேயடியாக விட்டுவிடாதே. தட்டில் இரண்டு கரண்டி சோறு இருக்கட்டும், மீதி இடத்தில் அவரைக்காய்ப் பொரியலும் கீரையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் இருக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் மத்தி மீன் வாங்கு. பாதாம் வேண்டுமானால் சாப்பிடு, நல்லதுதான். தினமும் மட்டன் மட்டும் வேண்டாம்டா.

அப்புறம், நான் லேபில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். நீ இப்போது சாப்பிடுகிற மாதிரிச் சாப்பாட்டில் சிலருக்கு எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு சத்தமில்லாமல் ஏறிவிடும், உடம்பு எதுவும் காட்டிக்கொடுக்காது. இந்த மாதமே சர்க்கரையோடு கொழுப்பையும் பரிசோதித்து, ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா