ஊசிக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை

அன்பு மகள் மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். நேற்று போனில் நீ கேட்டதற்குக் குக்கர் விசிலுக்கு நடுவே பதில் சொல்ல முடியவில்லை. என் முட்டிவலிக்கு நான் குத்திக்கொள்கிற அக்குபங்சர் ஊசி வைத்தியம் அங்கே புனேயிலும் இருக்கிறது, உன் விரலுக்கு நீயும் போகலாமா என்று கேட்டாய். தாராளமாகப் போ. ஆனால் அதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை.

என் முட்டி தேய்ந்த முட்டி. மாடிப்படி ஏறினால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். உனக்கோ காலையில் விரல் மடங்கவில்லை, மோதிரம் கழலவில்லை, டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க முடியவில்லை. விறைப்பு விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதுவும் இரண்டு கையிலும். இது முடக்குவாதமாக இருக்குமோ என்றுதான் எனக்குப் பயம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிற நோய் அது. சின்ன வயதிலும் வரும். சித்தி கையை நீ பார்த்திருக்கிறாய். எண்ணெயும் கஷாயமுமாகவே வருஷக்கணக்கில் ஓட்டினாள். வலி கொஞ்சம் கேட்டது, விரல் கோணிக்கொண்டது கேட்கவில்லை.

அதனால் முதலில் ரூமடாலஜி டாக்டரை, அதாவது மூட்டு, வாத நோய் பார்க்கிறவரைப் பார். ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி சிசிபி, ஈஎஸ்ஆர், சிஆர்பி என்று ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் எடுக்கச் சொல்வார். அந்த நோய்தான் என்றால் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் தருவார். வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை. தினமும் போட்டுவிட்டால் ஆபத்து. கர்ப்பத்தில் அது ஆகவே ஆகாது. இரண்டாவது குழந்தை பற்றி யோசனை இருந்தால் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ.

இனி ஊசி விஷயம். முட்டிச் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கக் குழியிலும், இன்னும் நாலு விரல் கீழே தள்ளி வெளிப்பக்கமாகவும் குத்துவார்கள். மயிர் மாதிரி மெல்லிய ஊசி, குத்துவதே தெரியாது. லேசாகத் திருகும்போதுதான் கனமாக ஒரு மந்தம் காலுக்குள் இறங்கும். அரை மணி அப்படியே படுத்திருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கும் மறுநாளும் நடை இலகுவாக இருக்கிறது, பிறகு பழையபடி. தேய்ந்த குருத்தெலும்பு வளராது என்று ஊசி குத்துகிறவரே சொல்லிவிட்டார், அதனால்தான் அவரிடம் போகிறேன். பெரிய இடங்களிலேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. முட்டித் தேய்மானத்துக்கு இதைச் செய்து பார்க்கலாம் என்று 2019இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு சொன்னது. 2022இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தருகிற நைஸ் அமைப்பு வேண்டாம் என்றது. நீ போவதானால் புது ஊசிப் பாக்கெட்டை உன் கண்ணெதிரே பிரிக்கிறார்களா என்று பார்.

நம் ஊரில் இப்போது தெருவுக்குத் தெரு தொடு சிகிச்சை. ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு, மாத்திரையெல்லாம் நிறுத்துங்கள் என்கிறார்கள். அப்படி யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடு. பெயர் ஒட்டாத டப்பாவில் தருகிற மூட்டுவலிச் சூரணத்தையும் தொடாதே. இரண்டே நாளில் வலி பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

உண்மையைச் சொன்னால் ஊசியைவிட எனக்கு உதவியது பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சிதான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். டிவி பார்த்துக்கொண்டே செய்கிறேன். எடையும் குறைத்தேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையுமாம். அப்பாவுக்கு இதைச் சொன்னால் இன்னொரு வடை எடுக்கிறார்.

முடக்கத்தான் தோசை ஊற்றுகிறேன், நொச்சியிலை வதக்கி ஒத்தடமும் கொடுக்கிறேன். இதமாக இருக்கிறது, அதற்கு மேல் பெருமை பேச மாட்டேன். உன் விரல் சிவந்து வீங்கியிருக்கும்போது மட்டும் சூடு வைக்காதே.

முடக்கத்தானைக் காயவைத்துப் பொடித்து அடுத்த வாரம் பார்சலில் அனுப்புகிறேன். டாக்டர் மருந்து கொடுத்தால் இதையும் சாப்பிடலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள். ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, அப்பாவுக்கு இல்லை, எனக்கு. அவர் ராத்திரியெல்லாம் கூகுளில் தேடிக்கொண்டிருப்பார்.

பிள்ளைக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா