ராஜினாமாவுக்கு முன் பட்டத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கூடங்குளத்திலும் சென்னை ஐ.டி. கம்பெனிகளிலும் கைநிறையச் சம்பளம் வாங்குகிறவர்கள், ஊரோடு வந்து வாத்தியாராகிவிடலாம் என்று பாளையங்கோட்டையில் பி.எட். விசாரிக்கிறார்கள். நல்லதுதான். ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு விசாரிக்கிறார்கள், அதுதான் சிக்கல்.

முதலில் பட்டம். பிளஸ் 1, பிளஸ் 2 வகுப்பெடுக்கும் முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும், பி.காம். முடித்து எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர் இங்கே மாட்டிக்கொள்கிறார். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசையும் பி.எட்.டால் நிறைவேறாது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு அது செல்லாது என 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 6 முதல் 8 வரை எடுக்க ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் இரண்டாம் தாள், 150 கேள்வி. அதில் தேறினாலும் அரசு வேலைக்குத் தனியாகப் போட்டித்தேர்வு உண்டு.

வேலையில் இருந்துகொண்டே பி.எட். முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு ஆண்டுப் படிப்பில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை கட்டாயம். வாரம் ஐந்து நாள் என்றால் 80 நாளில் எட்டு நாள்தான் விடுப்பு. தொலைநிலை பி.எட். ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களுக்கானது. ஆகவே படிப்புக்கு இரண்டு, தேர்வெழுதி வேலைக்குக் காத்திருக்க ஒன்று என மூன்று வருஷ வீட்டுச்செலவு கையில் இருக்கட்டும்.

பொறியாளர்கள் வகுப்பில் சறுக்குவது பாடம் தெரியாமல் அல்ல. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதும். மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியிருக்கிறது. உடனே மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்கச் சொல்வார் புதியவர். பிள்ளை அதையும் மனப்பாடம் செய்துகொண்டு, மறுநாள் அதே தப்பைச் செய்யும். ஒரு செவ்வகத்தை ஆறு கட்டமாக்கி, பாதிக்கு மூன்று, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு எனத் தீட்டச் சொன்னால் ஐந்து கட்டம் நிறையும். விடை அரையைவிடக் குறைய முடியாது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

இதைப் பழக வேண்டிய 16 வாரத்தில், பயிற்சிக்கு வருகிறவர்களைக் காலி பீரியடுக்கு அனுப்பி, பிள்ளைகளைச் சும்மா உட்காரவைக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. வாரத்துக்கு நான்கு பாடவேளையாவது மூத்த ஆசிரியர் ஒருவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெழுதித் தர, மாவட்டக் கல்வி அலுவலர்கள் உத்தரவிட வேண்டும்.

கல்வியியல் கல்லூரி விரிவுரையாளர்கள் சிலர்,
பாளையங்கோட்டை