இடது கண்ணில் மட்டும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஆவணியில் கலியாணம் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. நான் அனுப்பிய படத்தைப் பார்த்து, "இடது கண்ணில் மட்டும் ஏனடி இமைமயிர் இவ்வளவு நீளம்? என்ன பூசுகிறாய்? மகளும் கேட்கிறாள், உன் போத்தலில் கொஞ்சம் தா" என்று எழுதியிருந்தாய். அது பூச்சு இல்லை. கண் பிரஷருக்கு இரவில் விடும் துளிமருந்து.

சென்ற வருடம் கண்ணாடி மாற்றப் போனபோதுதான் குளுக்கோமா என்று பிடிபட்டது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய் அது. அழுத்தம் 10 முதல் 21 வரை இருப்பது வழக்கம், எனக்கு இடதில் 29. வலியில்லை, சிவப்பில்லை. வலக் கண்ணைப் பொத்திப் பார்த்தபோதுதான் மூக்குப் பக்கம் ஒரு பகுதி தெரியாமல் போயிருப்பது விளங்கியது. போனது இனித் திரும்பாது. என் அப்பாவை உனக்கு நினைவிருக்கும். கடைசிக் காலத்தில் வாசற்படியைக் காலால் தடவித்தான் இறங்குவார். வயதுக் கோளாறு என்று நாங்கள் எல்லோரும் சும்மா இருந்துவிட்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

மருந்தின் பெயர் பைமட்டோப்ரொஸ்ட். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிந்து போக வழிவிட்டு அழுத்தத்தைக் குறைக்கிறது. எனக்கு இப்போது 17. இமைமயிர் நீள்வது அதன் பக்கவிளைவு. அதைக் கண்டுதான் அலர்கன் கம்பனி அதே மருந்தை லற்றிஸ் என்ற பெயரில் அழகுக்காக இறக்கியது. 2008 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் டாக்டர் எழுதித் தந்தால்தான். அதைக் கண்ணுக்குள் விடுவதில்லை, மேல் இமையின் ஓரத்தில் தொட்டுப் பூசுவது. முழுப் பலன் தெரிய 16 வாரம் வேண்டும். கலியாணத்துக்கு அவ்வளவு நாள் எங்கே இருக்கிறது? நிறுத்தினால் மயிர் பழையபடிதான்.

என் இடது இமைத் தோல் கறுத்திருப்பதும், கண் கொஞ்சம் உள்ளே போயிருப்பதும் படத்தில் தெரியாது. சிலருக்குக் கண்மணியைச் சுற்றிய நிறமே நிரந்தரமாக மாறிவிடும். எனக்குப் பார்வை நிற்க வேண்டும், பொறுத்துக்கொள்கிறேன். நோயில்லாத பிள்ளை ஏன் பொறுக்க வேண்டும்? அப்புறம், ஒருவர் போத்தலை இன்னொருவர் கண்ணுக்குக் கொண்டுபோகவே கூடாது, கிருமி தொற்றும். கோபிக்காதே, இதை மட்டும் நான் தர மாட்டேன். அவள் ஏற்கெனவே எங்காவது வாங்கிப் பூசுகிறாள் என்றால் கண் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல். அந்த மருந்து அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினால், உள்ளே நோய் இருந்தாலும் பிடிபடாமல் போகலாம்.

போன மாதம் அண்ணனையும் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவருக்கு அழுத்தம் 25. துளி தொடங்கியாயிற்று. இரத்த உறவில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம்.

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வருவாய்தானே? இரண்டு நாள் முந்தி வா. உனக்கும் 40 தாண்டி எவ்வளவோ காலம், ஒரு காலையில் போய்ப் பிரஷர் பார்த்துவிட்டு வருவோம். எருமைத் தயிர் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழி