ஈரச் சுவரில் எழுதிய ஓவியங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், இத்தாலியிலுள்ள பழைய ரோமானிய நகரமான பொம்பேய் பற்றி வந்த கட்டுரை அருமை. ஆனால் அங்குள்ள சுவரோவியங்களை ஒரே வரியில் கடந்துவிட்டதுதான் வருத்தம்.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது அந்த ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் ஓவிய வேலை நடந்துகொண்டிருந்தது. வண்ணக் கிண்ணங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓவியர்கள் ஓடியிருக்கிறார்கள். சுவரின் மேல்பகுதி முடிந்திருக்கிறது. நடுவே முக்கியப் படம் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்தான். மேலிருந்து கீழே தீட்டிக்கொண்டு வருவதுதான் அவர்கள் வழக்கம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்த ஓவிய முறையில், சுவரின் சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டிவிட வேண்டும். பசை தேவையில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது வண்ணமும் அதோடு சேர்ந்து இறுகிவிடும். மூன்று பூச்சு மணல் கலவை, அப்புறம் மூன்று பூச்சு சலவைக்கல் தூள் கலவை என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்திருக்கிறார். எல்லா வீட்டிலும் ஆறு பூச்சு பூசவில்லை, சரி. ஆனாலும் எத்தனை அக்கறை!

கிரீஸின் சாந்தோரினி தீவில், அக்ரோத்திரியில், 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஓவியங்கள் எரிமலைச் சாம்பலுக்கடியில் இருந்து கிடைத்தன. குங்குமப்பூ பறிக்கும் பெண்கள், பறக்கும் தகைவிலான் குருவிகள் என்று பார்க்கப் பார்க்க அலுக்காதவை. அவற்றைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். தயவுசெய்து வண்ணப் படங்களோடு, முழுப் பக்கம் கொடுங்கள்.

வாசகி,
கும்பகோணம்