முதல் ஒரு மணி நேரம் குழந்தை எங்களிடம் இருக்கட்டும்

சேலத்தில் தனியார் பிரசவ மருத்துவமனை நடத்தும் டாக்டர்களுக்கும், பிரசவ அறையில் எங்களோடு நிற்கும் சிஸ்டர்களுக்கும் வணக்கம்.

நான் ஏற்காட்டில் குடியிருப்பவள். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சேலத்தில் சிசேரியனில் பிறந்தவை.

மூத்தவன் பிறந்தபோது முதுகில்தான் ஊசி போட்டிருந்தார்கள். நல்ல நினைவோடு இருந்தேன், அவன் அழுததும் கேட்டது. துண்டில் சுற்றி முகத்தை ஒரு நொடி காட்டிவிட்டு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். வராந்தாவில் நின்ற சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வாங்கிப் பார்த்து போட்டோ எடுத்தார்கள். நான் அவனைத் தொட்டபோது நாலு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் பாலாடையில் டப்பாப்பால் புகட்டியிருந்ததால் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தான். மார்பில் வைத்தால் வாயே திறக்கவில்லை. "உனக்குப் பால் ஊறல" என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். மூன்றாம் மாதத்தில் முழுக்கப் புட்டிப்பால்தான்.

இளையவள் பிறந்தது வேறொரு மருத்துவமனையில். ஈரத்தைத் துடைத்ததும் ஒரு சிஸ்டர் அவளை வெறும் உடம்போடு என் மார்பில் குப்புறப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒரு துணியும் தலைக்குக் குல்லாவும் போட்டார். கீழே எனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தாள். அப்புறம் கையைச் சப்பினாள், முகர்ந்தாள், காலால் உந்தி உந்தி நகர்ந்தாள். சிஸ்டர் அவள் தலையைப் பிடித்து அழுத்தவில்லை. "அவளே வருவாம்மா, அவசரப்படாதீங்க" என்றார். வாய் அகலமாகத் திறந்த நேரம் பார்த்து, காம்போடு சுற்றியிருக்கும் கருவட்டமும் உள்ளே போகும்படி அணைத்துக் காட்டினார்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் நாள் ஒரு வேளைக்குச் சில சொட்டுச் சீம்பாலே போதும் என்பதும் தெரியும். ஆனால் சிசேரியன் என்றதும் இதெல்லாம் தள்ளிப்போகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவம் சிசேரியன். அத்தனை பேரையும் விலக்கிவைக்க முடியுமா?

தாய்க்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் சரி, உயிர்தான் முதலில். மற்றபடி எடை பார்ப்பதும் வைட்டமின் கே ஊசியும் பொறுத்திருக்கும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மார்கழிக் குளிருக்குப் போகிற எங்களுக்கு, தாயின் மார்புச் சூடே குழந்தையைக் காக்கும் என்று அங்கேயே பழக்கிக் கொடுங்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் டப்பாப்பால் வேண்டாம். அதை மருத்துவமனை வழியாகப் பரப்பக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்க வரும் பாட்டிமார்களிடம் மருமகள் சொன்னால் எடுபடாது, டாக்டரம்மா சொன்னால் கேட்பார்கள். முதல் இரண்டு ராத்திரி, பால் கொடுக்கும் வேளையில் பக்கத்தில் உட்கார ஒரு சிஸ்டர் வேண்டும்.

வராந்தாவில் நிற்கும் எங்கள் ஆட்களிடம், "குழந்தை அம்மாகிட்ட இருக்கு, ஒரு மணி நேரம் பொறுங்க" என்று சொல்லிவிடுங்கள். வீட்டிலேயே நாங்களும் சொல்லிக் கூட்டிவருகிறோம்.

இப்படிக்கு,
இரு பிள்ளைகளின் தாய், ஏற்காடு